ரேகைச் சட்டமும் பிரிட்டன் வரலாறும்

கேள்வி: மதுரையிலுள்ள ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு இறுதியாண்டு படிக்கிறேன். நவீன பிரிட்டன் வரலாற்றை முதுகலையில் படிக்க, முடிந்தால் அங்கேயே சென்று படிக்க விரும்புகிறேன். "நம்மை ஆண்டவன் கதை உனக்கு எதற்கு?" என்கிறார் என் தாத்தா. அவருக்கு என்ன பதில் சொல்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, உசிலம்பட்டி

பதில்: உசிலம்பட்டிக்காரரான தாத்தாவிடம் ரேகைச் சட்டத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 1871-இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்திற்கும் வந்த, சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகக் கருதிக் கைரேகை பதிந்து கண்காணித்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை உங்கள் பக்கத்து மக்கள் அந்தப் பெயரால்தான் அறிவார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று உங்கள் ஊருக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியதும் அதை எதிர்த்ததற்காகத்தான்.

இதே காலத்தில் பிரிட்டனிலும், திரும்பத் திரும்பத் தண்டனை பெற்றவர்களைப் பதிவேட்டில் ஏற்றிக் காவல்துறையின் கண்காணிப்பில் வைக்கும் சட்டங்கள் 1869-லும் 1871-லும் இயற்றப்பட்டன. ஆனால் அங்கே தண்டனை பெற்ற தனி மனிதர் கண்காணிக்கப்பட்டார். இங்கே ஒரு குலத்தில் பிறந்ததே போதுமானதாக இருந்தது. வங்காளத்தில் காவல்துறைத் தலைவராக இருந்து கைரேகைப் பதிவை முறைப்படுத்திய எட்வர்டு ஹென்றி லண்டனுக்குச் சென்று, 1901-இல் ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவைத் தொடங்கினார். ஆண்டவன் கதையும் ஆளப்பட்டவன் கதையும் ஒரே கோப்பில் கிடக்கின்றன என்று தாத்தாவிடம் சொல்லுங்கள்.

இளங்கலையில் அரசர்களையும் பிரதமர்களையும் வரிசையாக ஒப்பித்துத் தேர்வெழுதியிருப்பீர்கள் (நானும் அப்படித்தான் தேறினேன்). முதுகலையிலோ, ஒரு கேள்வியை எழுப்பி அதற்கு ஆவணத்திலிருந்து விடை தேடவேண்டும். அந்தப் பழக்கத்தைத் தொடங்க விசா தேவையில்லை. 1803 முதலான நாடாளுமன்ற விவாதங்களும், லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தின் 1674 முதல் 1913 வரையிலான வழக்குப் பதிவுகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கைரேகையைச் சான்றாகக் கொண்டு பிரிட்டனில் முதன்முதலாகக் கொலைக் குற்றத்திற்குத் தண்டனை விதிக்கப்பட்ட, 1905-ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டன் சகோதரர்கள் வழக்கை அகராதியை அருகில் வைத்துக்கொண்டு முழுமையாகப் படியுங்கள். நான்கைந்து பக்கங்களுக்குள் சலிப்புத் தட்டினால் இந்தத் துறை உங்களுக்கு ஒத்துவராது.

அங்கே முதுகலைப் படிப்பு பெரும்பாலும் ஓராண்டுதான் என்பதால், ஆங்கிலத்தில் விரைந்து வாசிக்கும் பயிற்சியில்லாமல் போனால் ஆய்வேட்டுத் தலைப்பைத் தேர்வதற்குள் பாதி ஆண்டு ஓடிவிடும். பிரிட்டன் அரசு வெளிநாட்டு மாணவர்களுக்குத் தரும் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டாண்டுப் பணி அனுபவம் கேட்கிறார்கள். எனவே பி.ஏ. முடித்த கையோடு விண்ணப்பிக்க இயலாது. முதலில் இங்கேயே எம்.ஏ. வரலாறு சேருங்கள், விடுமுறையில் சென்னை எழும்பூர் ரயில் நிலையத்திற்கு அருகிலேயே இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அன்றைய சென்னை அரசின் கோப்புகளைப் பாருங்கள். அவற்றின் மறுபக்கம் லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலகப் பதிவுகளில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: இந்தியாவைத் தொடும் பகுதியை மட்டும் படித்துவிட்டு பிரிட்டன் வரலாறு படித்ததாக எண்ணிவிடாதீர்கள். 1832-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சீர்திருத்தமும், 1945-இல் வந்த தொழிற்கட்சி அரசும், 1948-இல் பிறந்த தேசிய மருத்துவச் சேவையும் தெரியாமல் அங்கே வகுப்பில் ஒரு வாரம்கூட வாய்திறக்க முடியாது.

இந்த வாரமே தாத்தா சொல்வதைத் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். அவர் தாமே கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் தனித்தனியாகக் குறியுங்கள்.