யூரெயில் பாஸா, தனித்தனி டிக்கெட்டா?

கேள்வி: வரும் மே மாதம் நானும் கணவரும் 14 வயது மகன், 9 வயது மகளுடன் 12 நாள் ஐரோப்பா செல்கிறோம். பாரிஸில் இறங்கி, அங்கிருந்து சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கனில் நான்கு இரவுகள் தங்கி, பிறகு மிலான் வழியாக வெனிஸ், ஃபுளோரன்ஸ், கடைசியாக ரோம். எங்கள் ஊர் டிராவல் ஏஜெண்ட், "ஏழு நாள் யூரெயில் பாஸ் எடுத்துவிடுங்கள், எந்த ரயிலிலும் ஏறிக்கொள்ளலாம், மகளுக்கு இலவசம், விசாவுக்கும் பாஸ் கட்டாயம்" என்கிறார். உறவினர் ஒருவரோ தனித்தனியாக டிக்கெட் வாங்கச் சொல்கிறார். எது சரி? (திருச்சி வாசகி)

பதில்: உறவினர் சொல்வதுதான் சரி. யூரெயில் பாஸ் என்பது பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்குப் பயணிக்க வாங்கும் ஒரே சீட்டு. நீங்கள் குறிப்பிட்டிருக்கும் வழித்தடத்துக்கு அதை எடுத்தால் கூடுதல் பணம் கொடுத்துக் கூடுதல் தொல்லையையும் வாங்கிக்கொள்வீர்கள். ஏஜெண்ட் சொன்ன மூன்றில் ஒன்று பாதி உண்மை, மற்ற இரண்டும் உண்மை அல்ல.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு மாதத்துக்குள் ஏழு நாள் பயணிக்கும் பாஸ், தள்ளுபடி எதுவும் இல்லாத காலத்தில், பெரியவர் ஒருவருக்கு இரண்டாம் வகுப்பில் சுமார் 380 யூரோ. நாளொன்றுக்கு ஏறத்தாழ 55 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் திட்டத்தில் நீண்ட ரயில் பயணம் உள்ள நாட்கள் நான்குதான்: பாரிஸிலிருந்து இன்டர்லாக்கன், அங்கிருந்து வெனிஸ், வெனிஸிலிருந்து ஃபுளோரன்ஸ், ஃபுளோரன்ஸிலிருந்து ரோம். இவற்றில் கடைசிப் பயணம் ஒன்றரை மணி நேரம். முன்கூட்டி வாங்கினால் அதற்கு 20 முதல் 30 யூரோவுக்குள் டிக்கெட் கிடைக்கும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகப் பாஸில் 55 யூரோ மதிப்புள்ள ஒரு நாளைச் செலவழிப்பதில் எந்த நியாயமும் இல்லை.

அதோடு முடிவதும் இல்லை. பாஸ் வைத்திருப்பவருக்கு ரயிலில் பயணம் செய்யும் உரிமை உண்டு, ஆனால் இருக்கை கிடையாது. நம் ஊரில் சீசன் டிக்கெட்டை வைத்துக்கொண்டு முன்பதிவுப் பெட்டியில் ஏற முடியாதது போலத்தான் இதுவும். பிரான்ஸின் அதிவேக ரயிலான டி.ஜி.வி., பாரிஸையும் சுவிட்சர்லாந்தையும் இணைக்கும் டி.ஜி.வி. லிரியா, இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா, லண்டன் செல்லும் யூரோஸ்டார் ஆகிய எல்லாவற்றிலும் இருக்கை முன்பதிவு கட்டாயம். பாஸ் வைத்திருப்பவர்கள் அதற்குத் தனியாகக் கட்டணம் செலுத்த வேண்டும். லிரியாவில் ஆளுக்குக் கிட்டத்தட்ட 30 யூரோ, ஃப்ரெச்சாரோசாவில் 10 யூரோவுக்குச் சற்று மேல். லிரியாவிலும் யூரோஸ்டாரிலும் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் இடங்கள் குறைவு. அவை தீர்ந்துவிட்டால், அதே ரயிலில் காலி இருக்கைகள் இருந்தாலும் நீங்கள் முழு விலை டிக்கெட்தான் வாங்க வேண்டும். "எந்த ரயிலிலும் ஏறிக்கொள்ளலாம்" என்ற பேச்சு இங்கேயே உடைந்துவிடுகிறது. இத்தாலியில் ஃப்ரெச்சாரோசாவுக்குப் போட்டியாக ஓடும் இத்தாலோ என்ற தனியார் ரயிலில் யூரெயில் பாஸ் செல்லவே செல்லாது. பிரான்ஸின் மலிவு விலை ரயிலான உய்கோவிலும் அப்படியே.

இந்தப் பாஸ் 1959-இல் வந்தது. அன்று ஐரோப்பிய ரயில்களில் தூரத்தைப் பொறுத்துத்தான் கட்டணம். பெரும்பாலான ரயில்களில் யாரும் முன்பதிவு கேட்கவில்லை. 1981-இல் டி.ஜி.வி. ஓடத் தொடங்கிய பிறகு அந்த உலகம் மெல்ல மாறியது. இன்று பிரான்ஸிலும் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அதிவேக ரயிலின் விலை விமான டிக்கெட் போல ஏறி இறங்குகிறது: மூன்று மாதம் முன்பு வாங்குபவருக்கு ஒரு விலை, முந்தைய நாள் வாங்குபவருக்கு அதைப் போல இரண்டு, மூன்று மடங்கு. ஊர்களையும் தேதிகளையும் முன்பே முடிவு செய்துவிட்ட உங்களைப் போன்ற குடும்பத்துக்கு இந்த விலைமுறை சாதகமானது. பாஸ் எடுத்தால் அந்தச் சாதகத்தை நீங்களே கைவிடுகிறீர்கள்.

மகளுக்கு இலவசம் என்பதே அந்தப் பாதி உண்மை. 4 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பெரியவருடன் சேர்த்துக் கட்டணமில்லாத பாஸ் தருகிறார்கள். ஆனால் இருக்கை முன்பதிவுக் கட்டணம் அவளுக்கும் உண்டு. உங்கள் மகனோ 12 வயதைக் கடந்துவிட்டதால் இளைஞர் கட்டணம் செலுத்த வேண்டும். ஏஜெண்ட் தரும் விலைப்பட்டியலில் பாஸின் விலை மட்டுமே இருக்கும். நால்வருக்குமான முன்பதிவுக் கட்டணத்தை அதில் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள், பேச்சு மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

விசாவுக்கு ரயில் பாஸ் கட்டாயம் என்று எந்த விதியும் இல்லை. தூதரகம் கேட்பது தங்குமிடம், காப்பீடு, பண வசதி, விமான முன்பதிவு, நாள்வாரியான பயணத் திட்டம் போன்றவற்றைத்தான். நீங்கள் விண்ணப்பிக்கும் தூதரகத்தின் ஆவணப் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. அதைப் படித்துப் பார்த்தாலே போதும். விசா பயத்தைக் காட்டிப் பாஸ் விற்பது இந்தத் தொழிலில் நான் அதிகம் வெறுக்கும் பழக்கம். விசா மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்ற கவலையில் இருக்கும் மக்கள் எதைச் சொன்னாலும் வாங்கிவிடுவார்கள் என்று இவர்களுக்குத் தெரியும்.

ஏஜெண்டுகள் ஏன் பாஸையே பரிந்துரைக்கிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு பாஸை விற்பது ஐந்து நிமிட வேலை, அதில் கமிஷன் உண்டு. நான்கு நாடுகளின் ரயில் நிறுவனங்களில் பத்துப் பதினைந்து டிக்கெட்டுகளைத் தேடி, தேதி பார்த்து, பெயர் சரிபார்த்து வாங்கித் தருவது அரை நாள் வேலை, அதில் வருமானம் குறைவு. எல்லா முகவர்களும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். நேர்மையாக உழைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பாஸின் பெயரில் நடக்கும் சில செயல்களை நான் மீண்டும் மீண்டும் பார்க்கிறேன். முன்பதிவுக் கட்டணத்தைப் புறப்படும் வாரத்தில்தான் சொல்வார்கள், அதையும் மூன்று மடங்காகச் சொல்வார்கள். தேவையே இல்லாமல் முதல் வகுப்புப் பாஸைத் தலையில் கட்டுவார்கள். இவற்றைவிட மோசமானது, வாடிக்கையாளரின் பாஸை முகவர் தன் கைபேசியிலேயே வைத்துக்கொண்டு, திரையின் படத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புவது. அந்தப் படம் எந்த ரயிலிலும் செல்லாது. பாஸ் இப்போது ரயில் பிளானர் என்ற செயலிக்குள் இயங்குகிறது. ஒவ்வொரு ரயிலையும் ஏறுவதற்கு முன் அதில் சேர்த்து, பரிசோதகர் வரும்போது அதில் தோன்றும் கட்டக் குறியீட்டைக் காட்ட வேண்டும். பாஸைச் செயல்படுத்திவிட்டால் பணம் திரும்ப வராது என்பதால், அதைச் செயல்படுத்த முகவருக்கு ஒருபோதும் அனுமதி தரக் கூடாது.

இனி சுவிட்சர்லாந்து. அங்கே மட்டும் நான் இதுவரை சொன்ன கணக்கு அப்படியே பொருந்தாது. தனித்தனியாக முழு விலை டிக்கெட் வாங்குவதும் அங்கே தவறு. சுவிஸ் உள்நாட்டு ரயில்களில் பெரும்பாலும் முன்பதிவு கிடையாது, முழுக் கட்டணம் மிக அதிகம், இன்டர்லாக்கனில் தங்குபவர் தினமும் ஏதாவது மலைக்கோ ஏரிக்கோ போவார். இதற்கு யூரெயில் ஏற்ற பாஸ் அல்ல, ஏனென்றால் நீங்கள் உண்மையில் பெரும் பணம் செலவழிக்கப்போவது யுங்ஃப்ராயோக் என்ற பனிமலைக் கணவாய்க்குச் செல்லும் ரயில் போன்ற மலை ரயில்களில்தான், அங்கே யூரெயில் ஓரளவு கழிவு மட்டுமே தரும். இன்டர்லாக்கனிலிருந்து யுங்ஃப்ராயோக் போய்வரப் பெரியவருக்கு முழுக் கட்டணம் 200 சுவிஸ் பிராங்குக்கு மேல். ஆகவே கவனிக்க வேண்டியவை சுவிஸ் நாட்டின் சொந்த ஏற்பாடுகள் இரண்டு. ஒன்று, சுவிஸ் டிராவல் பாஸ்: குறிப்பிட்ட நாட்களுக்கு ரயில், பேருந்து, ஏரிப் படகு, நகர டிராம், பல அருங்காட்சியகங்கள் எல்லாம் இதில் அடங்கும், ரிகி மலையும் அடங்கும், ஆனால் யுங்ஃப்ராயோக் செல்லும் மேல் பகுதிக்கு 25 சதவீதக் கழிவு மட்டுமே. மற்றொன்று, சுவிஸ் அரைக் கட்டண அட்டை: ஒரு முறை பணம் செலுத்திவிட்டால் ஒரு மாதம் வரை ரயில், பேருந்து, படகு, பெரும்பாலான மலை ரயில்கள் எல்லாவற்றிலும் பாதிக் கட்டணம், யுங்ஃப்ராயோக் உட்பட. தினமும் ஊர் மாறி, ரயிலிலும் படகிலுமாகவே பொழுதைக் கழிப்பவருக்கு முதலாவது ஏற்றது. ஓரிடத்தில் தங்கி, இரண்டு பெரிய மலைகளுக்குப் போகும் உங்களைப் போன்றவர்களுக்கு இரண்டாவதே ஏற்றது. யுங்ஃப்ராயோக் பயணத்தில் மிச்சமாகும் பணத்திலேயே அட்டையின் விலையில் பெரும்பகுதி திரும்பிவிடும்.

இந்த அட்டையோடு கேட்டு வாங்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பெற்றோரில் ஒருவரிடம் டிராவல் பாஸோ அரைக் கட்டண அட்டையோ இருந்தால், 6 முதல் 15 வயது வரையுள்ள அவர்களது பிள்ளைகளுக்கு சுவிஸ் ஃபேமிலி கார்டு கட்டணமின்றித் தரப்படும்; அதை வைத்துக்கொண்டு பிள்ளைகள் பெற்றோருடன் இலவசமாகப் பயணிக்கலாம். உங்கள் மகன், மகள் இருவருக்கும் இது பொருந்தும். வாங்கும்போது பிள்ளைகளின் பெயரையும் பிறந்த தேதியையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் யாரும் தாமாக முன்வந்து தரமாட்டார்கள். ஏஜெண்ட் இந்த அட்டையைப் பற்றி உங்களிடம் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்; இலவசமாகக் கிடைப்பதில் கமிஷன் இல்லை.

யூரெயில் பாஸ் யாருக்கும் பயன்படாது என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் பெரும்பாலான ரயில்களுக்கு முன்பதிவு கட்டாயம் இல்லை. தேதியை முடிவு செய்யாமல், இரண்டு நாளுக்கு ஒரு முறை நீண்ட தூரம் பயணிக்கும் இளைஞருக்கு அங்கே பாஸ் நன்றாகவே உதவும்.

நீங்கள் வாங்க வேண்டியவை இவை. பாரிஸ் கார் த லியோன் நிலையத்திலிருந்து சுவிட்சர்லாந்தின் எல்லை நகரான பாசெல் வரை லிரியா ரயிலின் டிக்கெட்: முன்கூட்டி வாங்கினால் 40 முதல் 60 யூரோ அளவில் கிடைக்கும், கடைசி நேரத்தில் 100 யூரோவைத் தாண்டிவிடும். பாசெலிலிருந்து இன்டர்லாக்கனுக்கு உங்கள் அரைக் கட்டண அட்டையைக் கொண்டு பாதி விலையில் டிக்கெட். இன்டர்லாக்கனிலிருந்து ஸ்பீட்ஸ் என்ற சந்திப்பில் ரயில் மாறி மிலான் வரை செல்வதற்கு, சுவிஸ் ரயில்வேயின் தளத்தில் ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். மிலானிலிருந்து வெனிஸ், பிறகு ஃபுளோரன்ஸ், ரோம் மூன்றுக்கும் ஃப்ரெச்சாரோசா, இத்தாலோ இரண்டின் விலையையும் ஒப்பிட்டு, மலிவானதை எடுங்கள். வெனிஸுக்கு வாங்கும்போது நிலையத்தின் பெயர் சாந்தா லூச்சியா என்று இருக்கிறதா என்று பாருங்கள். மெஸ்த்ரே என்று இருந்தால் நீங்கள் தீவுக்குள் அல்ல, நிலப்பகுதியில் பெட்டிகளோடு இறங்குவீர்கள்.

இந்த நான்கு பயணங்களுக்கு ஏன் மூன்று, நான்கு தளங்களில் தனித்தனியாகக் கணக்குத் தொடங்க வேண்டும் என்று கேட்பீர்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஒரே நாணயம், எல்லைச் சோதனையற்ற பயணம் என்றெல்லாம் சாதித்த ஒரு கண்டம், பாரிஸிலிருந்து ரோம் வரை ஒரே இடத்தில் நம்பி வாங்கக்கூடிய ஒரு ரயில் டிக்கெட்டை இன்னும் மக்களுக்குத் தரவில்லை. ஒவ்வொரு நாட்டு நிறுவனமும் தன் விற்பனையை வெவ்வேறு நாளில் திறக்கிறது, சில தளங்கள் நம் வங்கி அட்டைகளை ஏற்க மறுக்கின்றன, இந்தக் குழப்பத்தில்தான் இடைத்தரகர்கள் வாழ்கிறார்கள். 2023 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய விதியின்படி, ரயில் 60 நிமிடம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும், 120 நிமிடத்தைத் தாண்டினால் 50 சதவீதமும் இழப்பீடு கேட்கலாம். ஆனால் தனித்தனியாக வாங்கிய இரண்டு டிக்கெட்டுகளில் முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், அந்த இரண்டாவது டிக்கெட்டின் பணத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஆகவே மிலானில் ரயில் மாறக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

மலிவு டிக்கெட்டுகளில் பெரும்பாலானவற்றை ரத்து செய்தால் பணம் கிடைக்காது. ஆகவே விசா கைக்கு வந்த பிறகே வாங்குங்கள். நீங்கள் போகும் மூன்று நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், மே மாதப் பயணத்துக்கு ஜனவரியிலேயே விண்ணப்பித்துவிட்டால் மார்ச் மாதம் நல்ல விலையில் டிக்கெட் வாங்க நேரம் இருக்கும். அரைக் கட்டண அட்டையைப் புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்பு வாங்கினாலும் அதே விலைதான். விசா தாமதமாகி ஏப்ரல் கடைசியில்தான் வந்தால், முதலில் லிரியா டிக்கெட்டை வாங்குங்கள், ஏனென்றால் அதன் விலைதான் வேகமாக ஏறும். பிறகு ஃபுளோரன்ஸ், ரோம் டிக்கெட்டுகள்.