பாட்டு வரியே இல்லாத ஒரு ரொக் கிற்றார் அல்பத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

அமெரிக்கக் கிற்றார் கலைஞர் ஜோ சட்ரியானியின் 'சேர்ஃபிங் வித் த ஏலியன்' அல்பத்தைக் கேட்டுப் பார்த்தும் விரல் ஓடுகிற வேகத்தைத் தவிர வேறொன்றும் காதில் விழவில்லை, இதை ஏன் இத்தனை வருடமாகக் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கிற்றார் சொல்லிக்கொடுக்கிறவன் நான். இந்தக் கேள்வியை என்னிடம் படிக்க வருகிற பெடியளின் தாய் தகப்பன்மாரும் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்: அந்த அல்பம் நிற்பது மெட்டில். வேகம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

1987 இல் வெளிவந்த அல்பம் அது. பத்து உருப்படிகள், மொத்தம் 37 நிமிடம் சொச்சம். பாடகர் கிடையாது. ஆனால் ஒவ்வொன்றையும் கவனித்துக் கேட்டால், பாடகர் பாடவேண்டிய இடத்தில் கிற்றார் பாடிக்கொண்டிருப்பது விளங்கும். முதலில் ஒரு மெட்டு வரும், அது திரும்ப வரும், நடுவில் வேறொரு பகுதி வந்து போகும், பிறகு பழைய மெட்டுக்கே வந்து சேரும். இடையில் வருகிற வேகமான சோலோ அந்த மெட்டிலிருந்து கிளம்பி அந்த மெட்டுக்கே திரும்புகிறது. ஒரு தரம் கேட்டவர் குளிக்கும்போது வாய்க்குள் முணுமுணுக்கக்கூடிய மெட்டுகள் இவை. வேகமாக வாசிக்கத் தெரிந்த கிற்றார் கலைஞர்கள் எண்பதுகளில் நிறையப் பேர் இருந்தார்கள். முணுமுணுக்க வைத்தவர்கள் சிலர்தான்.

வரி இல்லாத இசை எங்களுக்குப் புதிதும் இல்லை. நல்லூர்த் திருவிழாவில் சுவாமி வெளிவீதிக்கு வரும்போது வாசிக்கிற மல்லாரிக்கு எந்த வரி இருக்கிறது? அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்துக்கும் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலுக்கும் விடிய விடியக் குந்தியிருந்த சனம் இந்த ஊர்ச் சனம்தான். ராக ஆலாபனை ஒன்றை அரை மணித்தியாலம் வாய் பேசாமல் கேட்கத் தெரிந்தவர்களுக்கு மூன்றரை நிமிடக் கிற்றார் மெட்டு ஒரு பாரமே இல்லை. ட்ரம்ஸும் உறுமுகிற கிற்றார்ச் சத்தமும் பழக்கமில்லாமல் இருப்பதால்தான் முதலில் காது பின்வாங்குகிறது.

நான் இதை முதலில் கேட்டது தொண்ணூறுகளில். போரால் 1990 இல் நின்ற மின்சாரம் திரும்பி வராத காலம். பற்றரிக்கும் தடை. சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வருகிற மின்சாரத்தில் கசற் ரேப்பை ஓடவிட்டுக் கேட்போம். அண்ணையின் சிநேகிதர் ஒருவரிடம் இந்தக் கசற் இருந்தது. பெடல் சுற்றுகிறவருக்குக் களைப்பு வந்தால் நாடா மெதுவாகும், சுருதி இறங்கும். கிற்றார் அப்படியே ஒரு நோட், ஒன்றரை நோட் கீழே போய்விடும். யாராவது "டேய், மிதியடா!" என்று கத்தினால் மறுபடி மேலே ஏறும். அப்படி ஏறி இறங்கிக் கேட்டும் அந்த மெட்டு எங்களுக்குள் பதிந்தது. வேகம்தான் அந்த அல்பத்தின் உயிர் என்றால், நாடா மெதுவாகும்போதெல்லாம் அது செத்திருக்கவேண்டும். சாகவில்லை. அது மெதுவாகும்போது ஒவ்வொரு நோட்டும் எங்கே கால் வைக்கிறது என்று இன்னும் நன்றாகத்தான் கேட்டது.

குறிப்பாக நாலாவது உருப்படி, 'ஓல்வேஸ் வித் மீ, ஓல்வேஸ் வித் யூ'. உங்களிடம் மூன்றரை நிமிடம்தான் இருக்கிறது என்றால் இதை மட்டும் கேளுங்கள். பின்னணியில் ஒரு கிற்றார், கோட் என்கிற சுரக்கூட்டை ஒருமிக்க அடிக்காமல், தந்தி தந்தியாகப் பிரித்து, உள்ளங்கையின் ஓரத்தைத் தந்தியில் லேசாக வைத்து அடக்கி மீட்டிக்கொண்டே போகும். அதற்கு மேலே மெட்டு. அவசரமில்லாத, நீண்ட நோட்டுகள். சுருதி பி. சங்கீதம் படித்தவர்களுக்குச் சொன்னால், தொடக்கத்தில் கேட்பது சங்கராபரணத்தின் சுரங்கள். நடுப்பகுதியில் ஆதார சுருதி அதே பி யில் அசையாமல் நிற்க, மேலே காந்தாரமும் தைவதமும் நிஷாதமும் ஒவ்வொரு படி இறங்கி நடபைரவியின் சுரங்களாகிவிடுகின்றன. ஒரே வீட்டுக்குள் வெளிச்சம் மட்டும் மாறுகிற மாதிரி இருக்கும். பிறகு பழையபடி சங்கராபரணத்துக்கு வரும்போது வருகிற ஆறுதலை நான் எத்தனை தரம் கேட்டாலும் உணர்கிறேன்.

ஆதாரத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டு மேலே சுரங்களின் தொகுதியை மட்டும் மாற்றுகிற இந்த வேலை சட்ரியானிக்கு மிகவும் பிடித்தது. மேற்கத்தைய இசையில் இதைப் 'பிட்ச் அக்ஸிஸ்' என்பார்கள். அங்கே பாட்டுக்குள் கோட் மாறும்போது அடியில் இருக்கிற நோட்டும் பெரும்பாலும் சேர்ந்து நகரும் என்பதால் அவர்களுக்கு இது விசேஷமாகக் கேட்கிறது. தம்புராவோடு வளர்ந்த காதுக்கு இது ராகமாலிகை கேட்கிற பழக்கம்தான். அதனால்தான் சங்கீதம் படித்த பிள்ளைகளுக்கு மற்ற ரொக் கிற்றார் கலைஞர்களைவிடச் சட்ரியானி கெதியில் பிடிபடுகிறார் என்று நான் நினைக்கிறேன்.

என்னிடம் படிக்கிற ஒரு பிள்ளை ஏழு வயதிலிருந்து வாய்ப்பாட்டு படித்தவள். இந்த மெட்டை அவளுக்குக் கொடுத்தேன். தந்தியை மேலே தள்ளி வளைத்து அடுத்த சுரத்தைப் பிடிப்பது மற்றப் பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் சுருதி சேராது. இவளுக்கு முதல் நாளே சேர்ந்துவிட்டது. மோதிர விரலால் தள்ளும்போது பின்னால் இரண்டு விரலை முட்டுக்கொடு என்று மட்டும் சொன்னேன். ஆனால் நோட்டைப் பிடித்த உடனேயே அதை அசைக்கத் தொடங்கிவிட்டாள். "சேர், கமகம் கொடுக்காமல் எப்படி விடுறது?" என்று கேட்டாள். இருவரும் இருந்து அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம். நீண்ட நோட்டை அவர் முதலில் நேராக நிறுத்துகிறார். அது நன்றாக நின்ற பிறகுதான் மெல்ல அசைக்கிறார். அந்த நேராக நிற்கிற துண்டு நேரத்தில்தான் ஏக்கம் இருக்கிறது. அன்றைக்கு நானும் அதைப் புதிதாகக் கேட்டேன்.

இன்னொரு காரணம் இடது கை. ஒவ்வொரு நோட்டுக்கும் பிக் என்கிற சின்ன மீட்டுத் தகட்டால் தந்தியை அடிக்காமல், ஒரு தரம் அடித்துவிட்டு மிச்சத்தை இடது கை விரல்களைத் தட்டியும் இழுத்தும் எழுப்புவார். லெகாட்டோ என்பது இதுதான். அதனால் வேகமான இடங்களிலும் 'டக டக' என்று இடிபடாமல் ஒரே மூச்சில் ஊதினதுபோல ஓடும். உங்களுக்கு வெறும் வேகமாகக் கேட்ட இடங்களை இந்த மூச்சைத் தேடி ஒருக்கா திரும்பக் கேட்டுப் பாருங்கள்.

அல்பத்தின் பெயரைக் கொண்ட முதல் உருப்படியின் கதையும் எனக்குப் பிடிக்கும். காலால் மிதித்துக் கிற்றார்ச் சத்தத்தை 'வா-வா' என்று மாற்றுகிற வா-வா பெடலையும், சுருதி மாற்றிய சத்தத்தைக் கூடச் சேர்க்கிற ஈவன்டைட் ஹார்மனைசர் என்ற கருவியையும் சேர்த்து ஒரு சத்தம் கண்டுபிடித்து, மெட்டையும் சோலோவையும் அரை மணித்தியாலத்தில் பதிந்திருக்கிறார்கள். பிறகு ஹார்மனைசர் பழுதாகிவிட்டது. திருத்திய பிறகு அந்தச் சத்தம் திரும்ப வரவே இல்லை. சின்னச் சின்னப் பிசிறுகள் இருந்தாலும் பரவாயில்லை என்று முதல் பதிவையே வைத்துக்கொண்டார்கள். சரியான முடிவு. அந்தப் பாட்டின் துள்ளல் திருத்தி எடுக்கக்கூடிய ஒன்றல்ல.

குறையும் இருக்கிறது. தாளத்தின் பெரும்பகுதி ட்ரம் மெஷின், செலவு பார்த்துச் செய்த அல்பம். இன்றைய காதுக்கு அந்த அடி தட்டையாகக் கேட்கும். 'ஹில் ஒஃப் த ஸ்கல்' எனக்கு ஒருபோதும் ஒட்டவில்லை. அதற்கு அடுத்து வருகிற 'சேர்க்கிள்ஸ்' அமைதியாகத் தொடங்கி, நடுவில் வெடித்து, திரும்ப அமைதிக்கு வருகிற அழகுக்காக அதையும் பொறுத்துக்கொள்கிறேன்.

சட்ரியானி அடிப்படையில் ஒரு வாத்தியார் என்பதையும் சொல்லவேண்டும். பேர்போன கிற்றார் கலைஞர் ஸ்டீவ் வை அவரிடம் படித்தவர், மெட்டலிக்கா இசைக்குழுவின் கிற்றார் கலைஞர் கேர்க் ஹமெட்டும் படித்தவர். மாணவர்கள் முதலில் புகழடைந்தார்கள், குரு பிறகு வந்தார். வந்த இந்த அல்பம், பாடகரே இல்லாமல், அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் 29 ஆம் இடம் வரை ஏறியது, பிறகு பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. படிப்பிக்கிறவருக்கு எது தேவை, எது வெறும் வித்தை காட்டல் என்று தெரியும். அந்தத் தெளிவு இந்த அல்பம் முழுக்கக் கேட்கிறது.

நீங்கள் திரும்பக் கேட்பதென்றால் முதல் உருப்படியில் தொடங்காதீர்கள். நாலாவதைக் கேளுங்கள், பிறகு 'சேர்க்கிள்ஸ்', அதற்குப் பிறகு 'சாட்ச் பூகி'. போன் ஸ்பீக்கரில் வேண்டாம், பின்னணிக் கிற்றார் முழுக்க அதில் காணாமல் போய்விடும். இணையத்தில் தேடும்போது அட்டைப்படம் வேறாக இருந்தால் குழம்பவேண்டாம். பழைய அட்டையில் மார்வெல் கொமிக்ஸின் சில்வர் சேர்ஃபர் இருந்தது, உரிமம் முடிந்ததால் பிந்திய பதிப்புகளில் எடுத்துவிட்டார்கள். இது பிடித்தால் அடுத்து 1989 இல் வந்த 'ஃப்ளையிங் இன் எ ப்ளூ ட்ரீம்' அல்பத்தின் முதல் பாட்டைப் போடுங்கள். கல்யாணி தெரிந்தவர்கள் மெட்டு தொடங்கிய உடனேயே அதன் பிரதி மத்திமத்தைப் பிடித்துவிடுவார்கள்.