மூக்கிலிருந்து செல் எடுத்து முதுகில் வைத்தால் என் கணவர் நடப்பாரா?

கேள்வி: என் கணவர் கொத்தனார், வயது 34. ஒன்றரை வருடத்துக்கு முன்பு கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டுக்குச் சுண்ணாம்புப் பூச்சு பூசும்போது சாரம் சரிந்து விழுந்துவிட்டார். மதுரையில் கம்பி வைத்து ஆபரேஷன் செய்தார்கள். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. மூக்கிலிருந்து செல் எடுத்து முதுகுத்தண்டில் வைத்தால் நடந்துவிடுவார் என்று ஓரிடத்தில் எட்டு லட்சம் கேட்கிறார்கள். இருக்கிற புஞ்சையை விற்றுக் கட்டலாமா டாக்டர்?
ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: புஞ்சையை விற்காதீர்கள் அம்மா. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

நம் உடம்பில் மணம் அறியும் நரம்பணுக்கள் தனி ரகம். மூக்கின் உச்சியில் அவை மடிவதும் புதிதாக முளைப்பதும் ஆயுள் முழுக்க நடக்கிறது. புதிதாக முளைத்த இழை வழி தவறாமல் மூளைக்குள் போய்ச் சேர, அதைப் போர்த்தி அழைத்துப் போகும் உறைச் செல்கள் கூடவே இருக்கின்றன. லண்டன் விஞ்ஞானி ஜெஃப்ரி ரைஸ்மன் 1985-ல் இவற்றின் தனித்தன்மையை எடுத்துக்காட்டினார். முதுகுத்தண்டில் அடிபட்டால் அந்த இடத்தில் தழும்பு விழுந்து நரம்பிழைகளை மறித்துவிடுகிறது. மடை அடைபட்டால் கண்மாய் நிறைந்திருந்தும் வயல் காயும் இல்லையா, அதுபோல மூளையும் காலும் நன்றாக இருந்தும் கட்டளை போய்ச் சேராது. மூக்கின் உறைச் செல்களை அங்கே வைத்தால் வழி திறக்குமா என்பதுதான் ஆராய்ச்சி. நல்ல ஆராய்ச்சி, நேர்மையானவர்கள் செய்வது.

வெளிநாட்டில் ஒருவர் நடந்தார் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது உண்மை. போலந்து நாட்டுத் தீயணைப்பு வீரர் அவர். கத்திக்குத்தில் முதுகுத்தண்டு அறுபட்டவர். 2012-ல் மண்டையோட்டைத் திறந்து, மணம் அறியும் மூளைப் பகுதியிலிருந்து செல் எடுத்து வளர்த்து, அதைக் காயத்துக்கு மேலும் கீழும் செலுத்தி, 8 மில்லிமீட்டர் இடைவெளியில் கணுக்கால் நரம்புத் துண்டுகளைப் பாலமாக வைத்தார்கள். பிறகு அவர் நடை பழகும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஆனால் அவர் ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் வாரத்தில் 5 நாள், நாளுக்கு 5 மணி நேரம் உடற்பயிற்சி செய்தவர். அவர் காயம் கத்தி வெட்டு. விழுந்து நசுங்கிய காயம் வேறு மாதிரி, பரவலாகச் சேதப்படுத்தும். அவர் ஒரே ஒருவர் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆஸ்திரேலியாவில் 3 பேருக்கு மூக்குச் செல் வைத்து 3 ஆண்டு கவனித்தார்கள். பெரிய ஆபத்து இல்லை, கால் அசைவும் வரவில்லை. டெல்லியில் 5 பேருக்கு மூக்குச் சவ்வையே எடுத்து வைத்துப் பார்த்து 2009-ல் எழுதினார்கள். குறிப்பிடும்படி முன்னேற்றம் இல்லை. வெளிநாட்டில் இப்படிச் சவ்வு வைத்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கு 8 ஆண்டு கழித்து முதுகுத்தண்டுக்குள் சளி சுரக்கும் கட்டி வளர்ந்து, அதை அறுத்து எடுக்க வேண்டியதாயிற்று. இதை உங்களிடம் பணம் கேட்டவர்கள் சொன்னார்களா?

ஆராய்ச்சியில் இருக்கும் சிகிச்சைக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நெறிமுறை. எட்டு லட்சம் கேட்கிறார்கள் என்றாலே அது ஆராய்ச்சி இல்லை, வியாபாரம். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

இனி உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி. இந்தக் காயத்தோடு நீண்ட காலம் நன்றாக வாழலாம். அதைக் கெடுப்பவை சிறுநீரகமும் படுக்கைப் புண்ணும்தான். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அவரே சுத்தமான குழாய் விட்டுச் சிறுநீரை எடுக்கப் பழக வேண்டும். நாற்காலியில் இருக்கும்போது கால் மணிக்கு ஒருமுறை இரு கையையும் ஊன்றிப் பின்பக்கத்தைத் தூக்கி இறக்கட்டும். தினமும் சாயங்காலம் கைக்கண்ணாடி பிடித்து வால் எலும்பு, பிட்டம், குதிகால் மூன்றையும் பாருங்கள். சிவந்த இடம் அழுத்தினாலும் வெளுக்கவில்லை என்றால், நிறம் தெளியும்வரை அந்தப் பக்கம் பாரம் படக் கூடாது.

வேலூர் சி.எம்.சி.யில் மேரி வர்கீஸ் மறுவாழ்வு மையம் இருக்கிறது. அந்த மேரி வர்கீஸே 1954-ல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளுக்குக் கை ஆபரேஷன் செய்த மருத்துவர். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கமும் இருக்கிறது. இரண்டில் ஒன்றுக்குப் போய்த் தங்கிப் பயிற்சி எடுக்கட்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, எம்.ஆர்.ஐ. படம், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை மூன்றையும் எடுத்துப் போங்கள்.

நம் பக்கத்து வீடுகளுக்கு வாசற்படி உயரம். ஓர் அடிப் படிக்கு 12 அடி நீளச் சாய்தளம் வேண்டும். அதன்மேல் ஆத்தங்குடிக் கல் பதிக்காமல் சொரசொரப்பான சிமெண்ட் போடுங்கள், ஈரத்தில் வழுக்காது. அவரே உட்கார்ந்து மட்டம் பார்த்து ஆள் வைத்துக் கட்டட்டும், கொத்தனார்தானே. குளிர் காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் கலங்கி நாறினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.