ஆக்லாந்து வரும் தம்பிக்கு: இபு என்றால் டப்பாதான், குப்பியில்லை

தம்பி, பிள்ளையைச் சேர்க்கப்போகும் காப்பகத்தின் சீட்டில் 'மதியச் சாப்பாட்டை இபுவில் அனுப்பவும்' என்றிருக்கிறது, இபு என்றால் என்ன, நம் 'குப்பி'யிலிருந்து வந்த சொல் என்று குழுவில் ஒரு பெரியவர் சொல்கிறாரே என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, பாத்திரம். வாடகையைப் பற்றி அழ இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள், அதை அவர்களிடம் கேளுங்கள்.

மூடி போட்ட டிபன் பாக்ஸ் அனுப்புங்கள், போதும். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரியரின் மொழியில் எதையாவது போட்டு வைக்கிற கலமெல்லாம் இபுதான்.

நான் வந்த புதிதில் இரவில் அலுவலகங்களைத் துடைக்கும் வேலை. குடியிருந்த வீட்டில் சுவரெல்லாம் பூஞ்சை, குளிரில் கம்பளியே ஈரமாக இருக்கும். உடன் வேலை பார்த்த, பசிபிக் தீவான சமோவாவைச் சேர்ந்த அம்மா ஒருவர் இடைவேளையில் 'இபு' என்று கை நீட்டினால் டீ கப்பைக் கொடுக்க வேண்டும். மாவோரி மேஸ்திரிக்கோ அதே சொல் டப்பா. இரண்டு பேரிடமும் கேட்டுக் கேட்டுத்தான் கற்றேன். இருபது வருஷம் இங்கே இருந்தும் 'கியா ஓரா' என்கிற வணக்கத்தைத் தாண்டாத நம்மவர்களை எனக்குத் தெரியும், அவர்கள்தான் முதல் ஆளாகச் சொல்லாராய்ச்சிக்கு வருவார்கள்.

சமோவா, டோங்காவில் இபு கோப்பையாகவே நிற்கிறது. சமோவாவில் சடங்குகளில் காவா என்கிற வேர்ப்பானம் குடிக்கும் தேங்காய்ச் சிரட்டையும் இபுதான். ஹவாயில் சுரைக்காய்க்கே அந்தப் பெயர். இரண்டு சுரைக்குடுக்கைகளை ஒட்டி ஹுலா ஆட்டத்துக்குத் தட்டும் வாத்தியம் 'இபு ஹெகே'. மாவோரியில் சுரைக்கு வேறு பெயர், 'ஹுஎ'. மேற்கே டோங்கா, சமோவாவில் அதன் பழைய வடிவம் 'ஃபுஎ', படரும் கொடிகளுக்கான பெயர். கிழக்குத் தீவுகளில் சுரை வந்ததும் கொடியின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. தேங்காய் விளையாத, மண்பாண்டம் வனையாத இந்த நாட்டில் தண்ணீர் எடுக்கவும், பறவைக்கறியைக் கொழுப்பில் ஊறவைத்துக் காப்பாற்றவும் பெரும்பாலும் சுரைக்குடுக்கைதான். 2006ல் வந்த மரபணு ஆய்வு, இந்தப் பாலினேசியத் தீவுகளின் சுரையில் ஆசியா, அமெரிக்கா இரண்டின் வம்சாவளியும் இருப்பதாகச் சொன்னது.

இதில் குப்பி எங்கே வந்தது? இந்த மொழிகளின் பூர்வீகத்தைத் தேடிப்போனால் தைவானில் போய் நிற்கும். நம் பெரியவர்கள் உடனே 'தமிழ் மணி'யை, இங்கே கிடைத்த தமிழ் எழுத்துப் பொறித்த பழைய வெண்கல மணியை, காட்டுவார்கள். 1830களில் கிறிஸ்தவ மிஷனின் அச்சகர் வில்லியம் கொலென்ஸோ கண்டபோது மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது வெல்லிங்டன் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'முகையதீன் வக்குசு' கப்பல் மணி என்று தமிழில் பொறித்திருக்கிறது. கப்பல் மணி எப்படியோ கரை சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதை வைத்து மாவோரியரிடம் போய் 'நீங்களும் தமிழர்தான்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரு கல்யாண வீட்டில் நம்மவர் ஒருவர் சொல்லி, நான் மேஜைக்கடியில் ஒளியப் பார்த்தேன்.

இன்னொன்று. இங்கே பிரசவம் என்றால் நஞ்சுக்கொடியை வீட்டுக்கு எடுத்துப்போகிறீர்களா என்று மருத்துவச்சி கேட்பார். முகம் சுளிக்க வேண்டாம். மாவோரியர் அதை 'இபு ஃபெனுவா' என்ற கலத்தில் வைத்துத் தங்கள் மண்ணில் புதைப்பார்கள். நம் பாட்டிகளும் புதைத்தவர்கள்தானே.

சரி, பாத்திரம். குக்கர், இட்லித்தட்டு போதும். சுரைவிதை, கொட்டாங்குச்சி அகப்பை, சுரைக்குடத் தம்புரா என்று எது வைத்திருந்தாலும் விமான நிலைய அறிவிப்புப் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதாமல் மாட்டினால் அங்கேயே 400 டாலர் அபராதம். விதையைக் கொண்டுவரவே வேண்டாம், இங்கே கிடைக்கிறது. அக்டோபர் கடைசியில் லேபர் வீக்கெண்ட் கழித்து ஊன்றினால் கோடையில் கூட்டுக்குக் காய் வந்துவிடும்.