ஸ்டார் ட்ரெக் என்ற பழைய அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் மூன்றாவது எபிசோடில் சீருடையும் டாக்டரும் திடீரென்று மாறுவது ஏன்?

கதைக்குள் காரணம் தேடாதீர்கள், கிடைக்காது. படம்பிடித்த வரிசை வேறு, ஒளிபரப்பிய வரிசை வேறு, அவ்வளவுதான்.

அந்த எபிசோட் உண்மையில் 1965-இல் என்பிசி சேனலுக்காக எடுத்த இரண்டாவது பைலட், அதாவது தொடருக்கு அனுமதி கேட்டு எடுத்துக் காட்டும் மாதிரி எபிசோட். அது பிடித்துப்போய்த்தான் தொடருக்கே அனுமதி கிடைத்தது. ஆனால் 1966 செப்டம்பர் 8 அன்று முதலில் ஒளிபரப்பியது, உப்பை உறிஞ்சி ஆளைக் கொல்லும் பிராணியின் கதையை. பைலட் 22-ஆம் தேதிதான் வந்தது. அதனால்தான் அதில் தொடரின் வழக்கமான டாக்டர் மெக்காய் இல்லை, தகவல்தொடர்பு அதிகாரி உஹுரா இல்லை, பின்னாளில் கப்பலை ஓட்டும் சுலு இயற்பியலாளராக வருகிறார். அதில் கேப்டன் கிர்க்குக்காக வரும் கல்லறைக் கல்லில்கூட 'ஜேம்ஸ் ஆர். கிர்க்' என்று இருக்கும். பின்னாளில் அந்த நடு எழுத்து டி ஆகிவிட்டது! வீட்டில் ரீவைண்ட் செய்து பார்க்கும் வசதி இல்லாத காலம், யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

செட் விஷயம் இன்னும் சுவையானது. ஒவ்வொரு வாரமும் விண்கப்பல் தரையிறங்குவதைக் காட்டினால் செலவு தாங்காது. அதற்காகவே ஆட்களை நொடியில் வேறிடத்துக்கு அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டர் என்ற கற்பனைக் கருவியைக் கொண்டுவந்தார்கள். தானாகத் திறக்கும் கதவுகளைப் பின்னால் நின்று ஆட்கள்தான் இழுத்தார்கள், சத்தம் அப்புறம் சேர்த்தது. அந்த உப்புக் கதைக்காக விதவிதமான உப்புக் குப்பிகள் வாங்கினார்கள். அவை உப்புக் குப்பி என்றே தெரியாத அளவுக்கு நவீனமாக இருந்ததால், மெக்காயின் மருத்துவக் கருவிகளாக மாற்றிவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த சிக்கனம் இதுதான்.