டைமிங் பெல்ட் மாத்தணுமாம்... நிஜமாவா?

கேள்வி: 2014 மாடல் டஸ்டர் டீசல் ஒன்றைப் போன மாதம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். மீட்டர் 72,000 கிலோமீட்டர் காட்டுகிறது. பழைய சர்வீஸ் பில் எதுவும் விற்றவரிடம் இல்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் டைமிங் பெல்ட், டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சாமான்), வாட்டர் பம்ப் எல்லாம் மாற்ற வேண்டும் என்று 27,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "பெல்ட்ல ஒரு வெடிப்பு கூட இல்ல மேடம், லட்சம் ஓடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— பள்ளி ஆசிரியை, குடியாத்தம்

பதில்: பெல்ட் விஷயத்தில் சர்வீஸ் சென்டர் சொல்வதைக் கேளுங்கள். எஸ்டிமேட் விஷயத்தில் அப்படியே கேட்க வேண்டாம்.

உங்கள் மெக்கானிக் பொய் சொல்லவில்லை. அந்தக் காலத்து பெல்ட்டுகளில் வெடிப்பு விழும், பார்த்தாலே தெரியும். இப்போது வரும் பெல்ட்டின் ரப்பர் வேறு. வெளியே புதுசு மாதிரியே இருக்கும். உள்ளே ஓடும் கண்ணாடி இழை நூல்கள் களைத்துப் போயிருக்கும், பல்லின் அடிப்பகுதி பலவீனமாகியிருக்கும். சத்தம் போட்டு முன்கூட்டியே எச்சரிக்கவும் செய்யாது. ஒரு நாள் அறும், அவ்வளவுதான்.

அறுந்தால் என்ன ஆகும்? பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைக் காப்பாற்றுவதுதான் டைமிங் பெல்ட்டின் வேலை. எஞ்சின் 2,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2,000 சுற்று) ஓடும்போது ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு முப்பது தடவைக்கு மேல் மேலே வந்து போகிறது. பெல்ட் போனால் கேம் ஷாஃப்ட் நின்றுவிடும், திறந்திருந்த வால்வு திறந்தபடியே நிற்கும், பிஸ்டன் வந்து அதை இடிக்கும். உங்கள் டஸ்டரில் இருக்கும் 1.5 லிட்டர் டீசல் எஞ்சின் அந்த ரகம்தான். வால்வு வளைந்தால் ஹெட்டை, அதாவது வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல் பாகத்தை, இறக்க வேண்டும். பிஸ்டனும் அடிபட்டிருந்தால் செலவு எங்கே போய் நிற்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அடுத்தது கிலோமீட்டர். பல கம்பெனிகள் பெல்ட்டுக்கு இரண்டு கெடு வைக்கின்றன, இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருஷம், எது முதலில் வருகிறதோ அது. பெரும்பாலும் 60,000 முதல் ஒரு லட்சம் கிலோமீட்டருக்குள், நாலைந்து வருஷத்துக்குள் இருக்கும். உங்கள் வண்டிக்கான எண் ஓனர் மேனுவலில் உண்டு, அதைப் பாருங்கள். நம் ஆட்கள் கிலோமீட்டரை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். பத்து வருஷத்தைத் தாண்டிய வண்டியில், மாற்றியதற்கு அத்தாட்சி இல்லையென்றால், இருப்பது வண்டி புதிதாக வந்தபோது கம்பெனியில் மாட்டிய பெல்ட்தான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் வேலூர் பக்கத்து வெயில். அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் பானெட்டுக்குள் ரப்பர் எப்படி வேகும் என்று சொல்லத் தேவையில்லை. மீட்டருக்குத் தெரியாத ஓட்டம் வேறு இருக்கிறது: காட்பாடி மேம்பாலத்தில் நெரிசலில் நிற்கும்போதும், ஏசி போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கும்போதும் பெல்ட் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. மீட்டரே நிஜமா என்பதும் ஒரு கேள்வி. சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, இந்த வண்டி முன்பு எத்தனை கிலோமீட்டரில் சர்வீஸுக்கு வந்தது என்று சர்வீஸ் சென்டரிலேயே கேட்டுப் பாருங்கள். அவர்களிடம் பதிவு இருந்தால் பெல்ட் மாற்றினார்களா என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

சரி, எஸ்டிமேட்டுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய தாளைப் பார்த்தேன். பெல்ட், டென்ஷனர், ஐட்லர் (பெல்ட்டைத் தாங்கி ஓட்டும் உருளை), வாட்டர் பம்ப், கூலன்ட், கிராங்க் புல்லி போல்ட், லேபர் — இவை எல்லாம் நியாயம். இந்த எஞ்சினில் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவதே டைமிங் பெல்ட்தான். பெல்ட் புதிதாகவும் பம்ப் பழையதாகவும் இருந்து, ஆறு மாதத்தில் பம்ப் பேரிங் பிடித்துக்கொண்டால் புது பெல்ட்டும் சேர்ந்து போகும். பெல்ட் என்பது இந்த வேலையில் விலை குறைந்த பொருள்களில் ஒன்று. நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும் பகுதி, அந்த இடத்தைத் திறந்து மூடுவதற்கான கூலி. திறந்ததே திறந்தோம் என்று அதற்குள் இருக்கும் தேயும் சாமான் அத்தனையையும் மாற்றிவிடுவதுதான் சிக்கனம். வெளியில் ஓடும் ஃபேன் பெல்ட்டையும் எப்படியும் கழற்றித்தான் ஆக வேண்டும், வயசாகியிருந்தால் அதையும் மாற்றிக்கொள்ளுங்கள். கேம், கிராங்க் ஆயில் சீல்களில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் பட்ட பெல்ட் ரொம்ப நாள் தாங்காது.

ஆனால் அதே தாளில் எஞ்சின் ஃபிளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி கிருமிநீக்கம், அண்டர்பாடி கோட்டிங் என்று 6,000 ரூபாய்க்கு மேல் சேர்த்திருக்கிறார்கள். டைமிங் பெல்ட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அடித்துவிடச் சொல்லுங்கள். முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

வெளி மெக்கானிக்கிடம் கொடுக்கலாமா? தாராளமாக. ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த எஞ்சினுக்கு லாக்கிங் பின் வச்சிருக்கீங்களா?" கிராங்கையும் கேமையும் சரியான இடத்தில் பூட்டி வைக்கும் பின்கள் அவை. "அதெல்லாம் வேணாம், பழைய பெல்ட் மேலயே பெயின்ட்ல மார்க் போட்டு மாத்திடலாம்" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். பழைய பெல்ட் ஒரு பல் தவறியிருந்தால் அதே தவறு புது பெல்ட்டுக்கும் போகும். மாட்டி முடித்தபின் ஸ்டார்ட் போடுவதற்கு முன்னால், கையால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி மார்க்கை மறுபடி சரிபார்க்க வேண்டும். அந்த நேரத்தில் முடிந்தால் கூட நில்லுங்கள். பழைய சாமான்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பார்ட் நம்பர், தேதி, கிலோமீட்டர் மூன்றும் பில்லில் இருக்கட்டும்.

கேள்வி: என்னுடையது 2018 ஸ்விஃப்ட் பெட்ரோல். வழக்கமான சர்வீஸுக்கு விட்ட இடத்தில் "டைமிங் பெல்ட் டியூ" என்று 6,500 ரூபாய் கேட்கிறார்கள். மாற்றலாமா?
— சத்துவாச்சாரி

பதில்: உங்கள் வண்டியில் டைமிங் பெல்ட்டே கிடையாது. அதில் இருப்பது செயின். அது எஞ்சின் ஆயிலில் நனைந்தபடி ஓடுவது, கெடு வைத்து மாற்றும் சாமான் இல்லை. நேரத்துக்கு நேரம் நல்ல ஆயில் மாற்றினால் போதும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி கரகரவென்று சங்கிலிச் சத்தம் வந்தால் மட்டும் காட்டுங்கள்.

அவர்கள் சொல்வது ஆல்டர்னேட்டரைச் சுற்றும் வெளி பெல்ட்டாக இருக்கலாம். அதைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதுதான் என்றால் 6,500 கேட்க அதில் ஒன்றும் இல்லை. தெரிந்தே டைமிங் பெல்ட் என்று எழுதியிருந்தால், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

எந்த வண்டியில் எது என்று பலரும் கேட்கிறார்கள். மாருதி 800, ஆம்னி, ஆல்டோ 800, சான்ட்ரோ ஜிங், பழைய இண்டிகா டீசல், லோகன் டீசல், டஸ்டர் டீசல், போலோ டிடிஐ, எக்கோஸ்போர்ட் டீசல், பழைய இன்னோவா டீசல் இதெல்லாம் பெல்ட். ஸ்விஃப்ட், டிசையரில் வந்த 1.3 டீசல், மாருதியின் கே சீரீஸ் பெட்ரோல், எட்டியோஸ் டீசல் எல்லாம் செயின். எக்கோஸ்போர்ட்டின் 1.0 டர்போ பெட்ரோல் ஒரு தனி ஜாதி: பெல்ட்தான், ஆனால் ஆயிலுக்குள்ளேயே ஓடும். அதில் ஏதோ ஒரு மலிவு ஆயிலை ஊற்றினால் பெல்ட்டே கரைய ஆரம்பிக்கும்.

கேள்வி: சொந்தமாக ஒரு பழைய இன்னோவா வைத்து நானே ஓட்டுகிறேன். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களைச் சென்னை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வருவதும் கொண்டுபோய் விடுவதும்தான் பிழைப்பு. எட்டு மாதம் முன்பு ஒரு ஒர்க்‌ஷாப்பில் டைமிங் பெல்ட் மாற்றினேன். 11,000 ரூபாய் ஜிபேயில் கொடுத்தேன், பில் தரவில்லை. போன வாரம் பள்ளிகொண்டா டோல்கேட் பக்கம் வண்டி ஓடும்போதே நின்றுவிட்டது. இழுத்துப்போன இடத்தில் பெல்ட் அறுந்திருக்கிறது, ஹெட் இறக்கணும், 70,000 ஆகும் என்கிறார்கள். பழைய ஒர்க்‌ஷாப்காரர் "பெல்ட்டுக்கெல்லாம் கேரன்டி கிடையாது" என்று போனை வைத்துவிட்டார். இன்ஷூரன்ஸ் கிடைக்குமா? கேஸ் போடலாமா?
— பேரணாம்பட்டு

பதில்: இன்ஷூரன்ஸை மறந்துவிடுங்கள். இயந்திரக் கோளாறும் தேய்மானமும் மோட்டார் பாலிசியில் வராது. எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் எடுத்திருந்தாலும் அது தண்ணீர் புகுந்தது, ஆயில் கசிந்தது போன்றவற்றுக்குத்தான்.

கேஸ் போடலாம். அதற்கு முன்னால் ஒரு அவசர வேலை: ஹெட்டை இறக்க வேண்டாம் என்று இப்போதே போன் செய்து சொல்லுங்கள். அறுந்த பெல்ட் இருக்கும் நிலையிலேயே போட்டோ, வீடியோ எடுங்கள், மீட்டரும் தெரிய வேண்டும். உங்கள் வழக்கே அந்த பெல்ட் ஏன் அறுந்தது என்பதில்தான் நிற்கிறது. டென்ஷனர் பேரிங் பிடித்திருந்தால், பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய பேரிங்கை விட்டிருக்கிறார்கள். பெல்ட் முழுக்க எண்ணெயாக இருந்தால், கசிந்த சீலைப் பார்க்காமல் மூடியிருக்கிறார்கள். பெல்ட்டின் மேல் அச்சிட்ட பெயரும் நம்பரும் கோணல்மாணலாக இருந்தால் டூப்ளிகேட்டாக இருக்கலாம். இவை அவர் தவறு. இவற்றுக்கெல்லாம் சம்பந்தமில்லாத வேறு ஏதாவது பிடித்துக்கொண்டு பெல்ட்டை அறுத்திருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. வேறொரு ஒர்க்‌ஷாப்பில், முடிந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில், காரணத்தை எழுதி முத்திரையோடு வாங்குங்கள். இப்போது வண்டி நிற்கும் இடத்துக்காரர் சொல்வது மட்டும் போதாது, அவருக்கு 70,000 ரூபாய் வேலை கிடைக்கப்போகிறது. அறுந்த சாமான்களைத் தூக்கிப்போட விடாதீர்கள்.

பில் இல்லையே என்று பயப்பட வேண்டாம். பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. ஜிபே பதிவு, அந்த நாட்களில் பேசிய வாட்ஸ்அப், வண்டி அங்கே நின்ற போட்டோ எல்லாம் சாட்சிதான். டாக்ஸி என்பதால் "வியாபார நோக்கம், நீ நுகர்வோர் இல்லை" என்று எதிர்த்தரப்பு வாதாடும். சுயதொழிலாக, பிழைப்புக்காக நீங்களே ஓட்டும் வண்டிக்குச் சட்டம் விலக்கு கொடுத்திருக்கிறது. நாலு வண்டி வைத்து டிரைவர் போட்டு ஓட்டுகிறவர்களுக்கு இது சிக்கல்.

முதலில் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி, 15 நாள் அவகாசம் கொடுத்து, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். பல இடத்தில் இந்தக் கடிதத்துக்கே போன் வரும்; பாதியாவது தருகிறேன் என்பார்கள். வரவில்லையென்றால் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். டோயிங் ரசீதையும், வண்டி நின்ற நாட்களில் கைவிட்ட டிரிப்புகளின் விவரத்தையும் சேர்த்து வையுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் பெல்ட் கிட் கடை விலையைவிட மூவாயிரம் குறைவாகக் கிடைக்கிறது. வாங்கி மெக்கானிக்கிடம் கொடுக்கலாமா?
— ஆற்காடு

பதில்: நான் வாங்க மாட்டேன். கேட்ஸ், கான்டினென்டல், டேகோ என்று நல்ல பெயர் உள்ள எல்லாவற்றுக்கும் போலி உண்டு. நாளை ஏதாவது ஆனால் மெக்கானிக் "சாமான் நீங்க வாங்கியாந்தது" என்பார், விற்றவர் "மாட்டினது சரியில்ல" என்பார், நடுவில் நீங்கள் நிற்பீர்கள். சாமானும் கூலியும் ஒரே ஆளிடம், ஒரே பில்லில் இருப்பதற்கு அந்த மூவாயிரம் தகும். வாங்கியே தீருவேன் என்றால் சேஸிஸ் நம்பரை வைத்து கிட் நம்பரை உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். பெல்ட் மடிந்தோ முறுக்கியோ பெட்டிக்குள் இருந்தால் திருப்பி அனுப்புங்கள், மடிந்த இடத்தில் உள்நூல் ஏற்கெனவே முறிந்திருக்கும்.

கேள்வி: 2008 சான்ட்ரோ ஜிங். விற்றால் எண்பதாயிரம் தேறாது. இதற்குப் போய் பெல்ட் செலவா?
— காட்பாடி

பதில்: இன்னும் இரண்டு வருஷம் ஓட்டப்போகிறீர்கள், ஆர்சி புதுப்பித்தாகிவிட்டது என்றால் மாற்றுங்கள். சின்ன எஞ்சின், சாமான் எல்லா ஊரிலும் கிடைக்கும், டஸ்டர் அளவுக்குக் கூலியும் ஆகாது. அடுத்த மாதமே விற்கப்போகிறீர்கள் என்றால் செலவு செய்ய வேண்டாம். பெல்ட் மாற்றவில்லை என்று வாங்குகிறவரிடம் சொல்லி, அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கொடுத்துவிடுங்கள்.