கொக்கோ தூளில் காட்மியம், ஈயம் ஆகிய நச்சு உலோகங்கள் இருக்கின்றனவாமே, 6 வயது மகனுக்குத் தினமும் பாலில் கலந்து கொடுக்கலாமா?

கொக்கோவை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. தினமும் கொடுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். நான் மருத்துவர் அல்லள். தோட்டத்துப் பெண்ணுக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

1980களில், மலேசியாவின் பாகான் டத்தோ பக்கம் தென்னைக்கு ஊடே கொக்கோ நட்டிருந்த தோட்டமொன்றில் வளர்ந்தேன். என் அம்மாவுக்குக் காய் உடைத்து, கொட்டையைப் புளிக்கவைத்துக் காயப்போடும் வேலை. தளத்தில் இடம் போதாத நாள்களில், லாரி ஓடும் சாலையோரத்திலேயே சாக்கை விரித்துக் கொட்டச் சொல்வார்கள். அம்மா மட்டும் கூடை கூடையாகச் சுமந்து வந்து, நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் பலகை அடுக்கி அதன்மேல் பரப்புவார். வேலை தாமதமாகிறதென்று மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், ஏசியதை நானே கேட்டிருக்கிறேன். "யார் வீட்டுப் பிள்ளையோ குடிக்கப் போகுது" என்பதற்குமேல் அம்மா எதுவும் பேசியதில்லை. கொக்கோவில் ஈயம் பெரும்பாலும் பறித்த பிறகுதான், காயும் கொட்டையின் தோலில் படியும் தூசியால் சேர்கிறது என்பதைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தேன். அன்றைய பெட்ரோலிலும் ஈயம் இருந்தது. அம்மாவை ஏசியது அநியாயம் என்று இன்றும் சொல்வேன்.

காட்மியம் அப்படியன்று. மரமே அதை மண்ணிலிருந்து உறிஞ்சிப் பருப்புக்குள் சேர்ப்பதால், கழுவினாலும் வறுத்தாலும் போகாது. ஈக்குவடோர், பெரு நாட்டுக் கொட்டைகளில் பொதுவாக அதிகம். மேற்கு ஆப்பிரிக்கக் கொட்டைகளில் குறைவு. ஆகவே 'ஆர்கானிக்' என்று அச்சிட்டிருப்பதால் மட்டும் காட்மியம் குறைந்துவிடாது.

ஐரோப்பிய ஒன்றியம் கடைக்கு வரும் கொக்கோ தூளுக்கு 2019 முதல் கிலோவுக்கு 0.60 மில்லிகிராம் காட்மியம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பைத் தொடும் தூளை ஒரு மேசைக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 5 கிராம் போட்டால், 3 மைக்ரோகிராம் உள்ளே போகும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏற்கும் அளவோ ஒரு கிலோ உடல் எடைக்கு வாரத்துக்கு 2.5 மைக்ரோகிராம், உங்கள் மகன் 20 கிலோ இருந்தால் நாளுக்கு ஏறக்குறைய 7. சோறும் கீரையும் அதில் ஒரு பங்கை ஏற்கெனவே எடுத்துக்கொள்கின்றன. சிறுநீரகத்தில் தங்கிய காட்மியம் வெளியேறப் பத்தாண்டுகளுக்கு மேலாகும். ஈயத்துக்கோ, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவே இல்லை.

கொக்கோவில் சத்தில்லை என்று நான் சொல்லவில்லை. வாரம் இரண்டு நாள், ஒரு தேக்கரண்டி போதும். மகனுக்கு இரத்தச்சோகை இருந்தால் அதை முதலில் கவனியுங்கள்; இரும்புச்சத்துக் குறைந்த உடல் காட்மியத்தை அதிகமாக ஈர்க்கும். என் பேத்திக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கலக்கிக் கொடுக்கிறேன். மற்ற நாள்களில் வெறும் பால்தான்.